காசு கொடுத்துச் செய்த மென்பொருள்: மூலநிரலையும் கேட்டு வாங்குங்கள்

செயலாளர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தங்கள் தேவைக்கென்றே செய்து வாங்கும் மென்பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். கடையில் விற்கும் ஆயத்த மென்பொருளைச் சொல்லவில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரி, எங்களுக்கு இன்ன திரை வேண்டும், இன்ன அறிக்கை வேண்டும் என்று பட்டியல் போட்டு, பொதுப்பணத்தைக் கொடுத்து எழுதச் சொல்கிறோமே, அவற்றைச் சொல்கிறேன். அப்படிச் செய்யும் ஒவ்வொன்றோடும் அதன் மூலநிரலும் அலுவலகத்தின் கைக்கு வர வேண்டும். எழுதியவரைத் தவிர வேறொரு நிரலாளரும் படித்து, புரிந்து, திருத்தக்கூடிய வடிவில் வர வேண்டும். வரும்வரை கடைசித் தவணை பில் பாஸ் ஆகக்கூடாது. இதைத் தங்கள் துறை ஆணையாகவே பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திறந்த மடல் என்பதால் மற்ற வாசகர்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். நிரலாளர் தட்டச்சு செய்வது மனிதர் படிக்கக்கூடிய வரிகள். அதுதான் மூலநிரல், பேச்சு வழக்கில் சோர்ஸ் கோடு. அதைக் கம்பைலர் என்ற கருவி, எந்திரம் மட்டும் படிக்கும் கோப்பாக மாற்றுகிறது. அலுவலகக் கணினியிலோ சர்வரிலோ நிறுவித் தருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கோப்பைத்தான். அதை ஓட்டலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எளிதில் பார்க்க முடியாது, ஒரு காற்புள்ளியைக்கூட எளிதில் மாற்ற முடியாது. ஒரு சென்ட் நிலம் வாங்கினாலும் மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காத மக்கள் நாம். லட்சங்களையும் கோடிகளையும் போட்டுச் செய்த மென்பொருளுக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

கேட்காததன் விலையை ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையின் கணக்குப் பிரிவில் நேரிலேயே பார்த்தேன். மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கிறது அந்தச் சங்கம். பில் போடும் மென்பொருளை உள்ளூர் நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது அந்த நிறுவனத்தாரே வந்து மாற்றியும் கொடுத்தார்கள். ஆனால் வரி விகிதங்களைத் தனி அட்டவணையில் வைக்காமல் நிரலுக்குள்ளேயே எண்களாக எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு நிறுவனம் மூடப்பட்டது. எழுதிய இளைஞர் வெளிநாடு போய்விட்டார். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் நீங்கின. நெய்க்கு 12 போய் 5 ஆனது. சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18லிருந்து 5க்கு இறங்கின. பண்டகசாலையின் கணினிக்கு இது எதுவும் தெரியாது. அது நெய்க்கு 12 சதவீதம் போட்டே பில் அடித்தது. கணக்கர் அம்மா அந்தப் பில்லைக் கையில் வாங்கி, வரித் தொகையைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் புதுத் தொகையை எழுதி, சுருக்கொப்பம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாலையில் கடை அடைத்தபின், அடித்துத் திருத்திய நகல்களையெல்லாம் எக்செல்லில் மறுபடி ஏற்றினார். வரி தாக்கல் செய்ய வேறு வழியில்லை.

மூலநிரல் இருந்திருந்தால், பக்கத்துப் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு மாணவரே அந்த எண்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்திருப்பார். அது இல்லாததால் புதிய மென்பொருளுக்கு விலைப்புள்ளி வாங்கும் நிலைக்குச் சங்கம் வந்துவிட்டது. பழைய மென்பொருளில் வேறெந்தப் பழுதும் இல்லை.

தங்கள் சட்டப் பிரிவு ஒரு பதில் வைத்திருக்கும் என்று தெரியும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, அரசின் கட்டளையிலோ கட்டுப்பாட்டிலோ உருவாகும் படைப்புக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அரசே முதல் உரிமையாளர். கணினி நிரலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஓர் இலக்கியப் படைப்புதான். ஆகவே அரசுக்கு உரிமை இருக்கிறது என்பார்கள். சரி. ஆனால் மாறான ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பது நிறுவனம் தயாரித்துக் கொடுக்கும் உரிம நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. கூட்டுறவுச் சங்கம் போன்றவை இந்தப் பிரிவின் நிழலில் வருமா என்பதே வழக்காடிப் பார்க்க வேண்டிய விஷயம். அரசல்லாத ஒருவர் வெளி நிறுவனத்திடம் எழுதி வாங்கினால், எழுத்து மூலம் உரிமை மாற்றித் தராதவரை எழுதியவரிடமே உரிமை தங்கிவிடும். மாற்றித் தந்தாலும், எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவு அதை 5 ஆண்டுகள் என்றே கொள்ளும். 6ஆம் ஆண்டில் அந்த மென்பொருள் யாருடையது என்ற கேள்வி எழுந்தால், ஒப்பந்தம் போட்ட அதிகாரி அப்போது வேறு மாவட்டத்தில் இருப்பார்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உரிமை நம் கோப்பில் காகிதமாக இருக்கும், மூலநிரல் அவர்கள் கணினியில் இருக்கும். உரிமையாளர் என்று முத்திரை குத்திய தாளை வைத்துக்கொண்டு நெய்யின் வரியை மாற்ற முடியாது. குடுமி அவர்கள் கையில்தான். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு அவர்கள் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டியதுதான், போட்டிக்கு இன்னொருவரை அழைக்க வழியில்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்று 1998லேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. முதல் ஆண்டு போட்டி வைத்து வாங்கிய ஒன்றுக்கு அடுத்த 10 ஆண்டுகளும் போட்டியே இல்லை என்றால், அந்தச் சட்டம் காக்க நினைத்தது எதுவோ அது காக்கப்படவில்லை.

இனி, படிக்கக்கூடிய என்ற நிபந்தனை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் மூலநிரல் கொடு என்று மட்டும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒரு சிடியில் போட்டு, உறையில் இட்டு, அரக்கு வைத்துக் கொடுப்பார்கள். அது பீரோவுக்குள் போகும். திறந்து பார்த்தால் என்ன இருக்கும்?

ஒரு நகராட்சியின் சொத்துவரி மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தாமதத்துக்கு வட்டி போடும் வரியில், அரையாண்டு வரி, தாமதமான மாதங்கள், மாத வட்டி விகிதம் என்று அளவுகளுக்குப் பெயர்கள் இருந்து, அவற்றைப் பெருக்கு என்று எழுதியிருந்தால், புதிதாக வந்தவர்கூட அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார். அதே வரியை ஏ1, பி7, எக்ஸ்எக்ஸ் என்ற பெயர்களோடும் நடுவில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு தசம எண்ணோடும் எழுதலாம். எந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே, விடையும் ஒன்றே. படிக்கும் மனிதருக்கு இரண்டாவது ஒரு பூட்டு. இப்படிப் பெயர்களைக் கலைத்துப் போடுவதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. இணையப் பக்கங்களின் நிரலை வேகத்துக்காக இடைவெளி நீக்கி ஒரே வரியாகச் சுருக்குவது வழக்கம், அதில் தவறில்லை. சுருக்கிய அந்த ஒற்றை வரியை எடுத்து இதுதான் மூலநிரல் என்று அரசிடம் ஒப்படைப்பதுதான் தவறு.

எது மூலநிரல் என்பதற்குப் பொருத்தமான வரையறை ஏற்கெனவே இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்களுக்கென 1991இல் வந்த குனூ பொது உரிமத்தின் 2ஆம் பதிப்பிலும் 2007இல் வந்த 3ஆம் பதிப்பிலும் ஒரே கருத்துதான்: ஒரு நிரலில் மாற்றம் செய்ய விரும்புகிறவர் எந்த வடிவத்தை வைத்துக்கொண்டு வேலை செய்ய விரும்புவாரோ, அந்த வடிவமே மூலநிரல். நம் ஒப்பந்தங்களில் இந்தக் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எழுதிய நிறுவனத்தின் நிரலாளர் தன் மேசையில் எதைத் திறந்து வைத்துத் திருத்துகிறாரோ, அதையே, அதே பெயர்களோடும் குறிப்புகளோடும் வரலாற்றோடும் கொடுக்க வேண்டும்.

குறிப்புகள் விஷயத்தில் அரசு மென்பொருளுக்கு இன்னொரு தேவையும் உண்டு. அரசு நிரலில் இருக்கும் விதிகள் பெரும்பாலும் நிரலாளர் யோசித்தவை இல்லை. ஏதோ ஓர் அரசாணையோ சுற்றறிக்கையோ சொன்னவை. முன்னாள் படைவீரருக்கு விலக்கு, இன்ன தேதிக்கு முன் கட்டினால் தள்ளுபடி என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண்ணும் நாளும் இருக்கின்றன. விதி எழுதப்பட்ட இடத்திலேயே அந்த அரசாணை எண்ணைக் குறிப்பாக எழுதி வைத்தால், ஆணை ரத்தாகும்போது எந்த வரியைத் தொட வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். தணிக்கைக்கு வருபவர் ஆணையையும் நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம். குறிப்பு தமிழிலேயே இருக்கலாம். இன்றைய நிரல்மொழிகள் யூனிகோடு தமிழைத் தடையில்லாமல் ஏற்கின்றன.

பிரிட்டனில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஆனாலும் அதிலிருக்கும் ஒரு சிறு துண்டு நிரலுக்காக அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நாட்டு அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. செய்தது ஐசிஎல் நிறுவனம். அது பின்னர் தாய் நிறுவனமான புஜித்சுவின் பெயருக்கே மாறியது. துணை அஞ்சல் நிலையங்களை நடத்தியவர்கள் நம் கிளை அஞ்சலகக்காரர்களைப் போல ஊருக்குள் பலருக்கும் தெரிந்த சாதாரண மனிதர்கள். பலர் சிறு கடையோடு சேர்த்து நடத்தினார்கள். திடீரென்று திரையில் பணம் குறைந்தது. எண்ணிப் பார்த்தால் கல்லாவில் இருப்பது சரிதான், கணினி மட்டும் ஆயிரக்கணக்கான பவுண்டு குறைகிறது என்றது. ஒப்பந்தப்படி குறையை அவர்களே கட்ட வேண்டும். சேமிப்பைக் கொட்டிக் கட்டினார்கள், வீட்டை அடகு வைத்தார்கள். 900க்கும் மேற்பட்டோர் திருட்டு என்றும் கணக்கு மோசடி என்றும் தண்டிக்கப்பட்டார்கள். கருவுற்றிருந்த ஒரு பெண்ணும் சிறைக்குப் போனார். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஆலன் பேட்ஸ் என்பவர் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், பிழைகள் ஹொரைசனில்தான் இருந்தன, அவை கணக்கில் பொய்யான குறைகளை உண்டாக்கக்கூடியவை என்று 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பளித்தார். தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

அந்தத் துண்டு இதுதான். மென்பொருள் நாடெங்கும் போவதற்கு முன்பே, 1998இல், ஐசிஎல்லுக்குள் ஒரு குழு உட்கார்ந்து நிரலைப் படித்து அறிக்கை எழுதியது. அதில் எடுத்துக்காட்டாக ஒரு சிறு பகுதியைக் காட்டினார்கள். ஓர் எண்ணின் குறியைத் திருப்ப வேண்டும், 100 என்பது கழித்தல் 100 ஆக வேண்டும். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் முடிந்தது. அந்த நிரலாளர் அப்படிச் செய்யவில்லை. எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் குறியை நீக்கு, இல்லாவிட்டால் அந்த எண்ணிலிருந்து அதன் இரு மடங்கைக் கழி என்று எழுதியிருந்தார். 100இலிருந்து 200 போனால் கழித்தல் 100. விடை சரிதான். ஆனால் இதைப் படித்த எவருக்கும் வயிறு கலங்கியிருக்கும். கூட்டல் கழித்தலையே இப்படிச் சுற்றிவளைத்து எழுதும் கையிடம் ஒரு நாட்டின் அஞ்சல் கணக்கு போயிருக்கிறது. இதை எழுதியவருக்கு அடிப்படைக் கணிதமே தெரியவில்லை என்ற பொருளில் அறிக்கை எழுதியவர்களே குறித்திருந்தார்கள். விசாரணை ஆணையத்தின் முன் 2022இல் அது வந்தபோதுதான் பொதுமக்கள் பார்த்தார்கள். அதற்குள் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டிருந்தன.

மூலநிரல் கைக்கு வந்திருந்தாலே அவ்வளவு கொடுமையும் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். அஞ்சல் நிறுவனத்தின் பிடிவாதமும், கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏற்ற நீதிமன்றங்களும் அதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் அமர்த்திய நிபுணர் ஒருவர் அந்தப் பக்கங்களைப் புரட்ட முடிந்திருந்தால், சந்தேகம் எழுப்பப் பத்து வரி போதும். சந்தேகத்தின் பலன் என்பதுதானே குற்றவியல் சட்டத்தில் எளியவருக்கு இருக்கும் ஒரே பிடி.

இது நமக்கும் பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, கணினி தந்த பதிவைச் சாட்சியமாக்க, அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்ற சான்றிதழ் வேண்டும். எந்திரம் பழுதில்லாமல் ஓடியது என்று சான்றளிக்கலாம். அதற்குள் இருக்கும் நிரல் சரியாகக் கணக்குப் போட்டதா என்று மூலநிரலைப் பார்க்காத ஒருவர் எப்படிச் சொல்வார்? ஒரு கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்குக் கணினிக் கணக்கில் இருப்புக் குறைவு காட்டினால், கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 87ஆம் பிரிவின் கீழ் தண்டத்தீர்வை நடவடிக்கை வருகிறது. ஓய்வூதியப் பலன்கள் நிற்கின்றன. நியாயவிலைக் கடை விற்பனையாளரிடம் பிஓஎஸ் கருவியின் இருப்பும் மூட்டைகளின் எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் அபராதம். அவர்களில் சிலர் உண்மையிலேயே கையாடியிருக்கலாம். கையாடாதவர் ஒருவர், ஐயா, கணினிதான் தப்பு என்று சொன்னால் அதைச் சோதித்துப் பார்க்கும் வசதி அலுவலகத்திடம் இருக்க வேண்டாமா? மாநில அரசு 2020இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கையில், ஒரு முறைமையை மதிப்பிடும் அளவுகோல்களில் ஒன்றாகத் தணிக்கையையும் வெளிப்படைத்தன்மையையும் வைத்திருக்கிறது. அந்த நல்ல எண்ணம் சாதாரணக் கணக்கு மென்பொருளுக்கும் வர வேண்டும்.

எதிர்வாதங்களில் பாதுகாப்பு பற்றியது முதலில் வரும். நிரலைக் காட்டினால் திருடன் உள்ளே வந்துவிடுவான் என்பார்கள். நான் கேட்பது வாங்கியவரிடம் ஒப்படைப்பது. ஊருக்கெல்லாம் வெளியிடுவது அடுத்த கட்டம், அதைத் துறைக்குத் துறை முடிவு செய்யலாம். தவிர, பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்றபடி ஒரு முறைமையை அமைக்க வேண்டும் என்று மறையீட்டு அறிஞர் கெர்க்ஹோஃப்ஸ் 1883லேயே எழுதினார். பாஸ்வேர்டை நிரலுக்குள் எழுதி வைத்திருப்பவர்தான் நிரலைக் காட்ட அஞ்ச வேண்டும். அப்படி எழுதியிருக்கிறார் என்பதே அரசுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

இரண்டாவது வாதத்தை நான் மதிக்கிறேன். கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்தும் சிறு மென்பொருள் நிறுவனங்களுக்குப் பராமரிப்புத் தொகைதான் மாதச் சம்பளம். நிரலைக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு வேறு யாருக்கோ வேலையைக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். பல வாடிக்கையாளருக்கும் பயன்படுத்தும் பொதுவான பகுதிகளைச் சொந்தமாக உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றின் உரிமையைப் பிடுங்குவது அநியாயம். அந்தப் பகுதிகளின் உரிமை அவர்களிடமே இருக்கட்டும். இந்த அலுவலகம் இந்த வேலைக்காகப் படிக்கவும் திருத்தவும் நிரந்தர உரிமம் தந்தால் போதும். அரசுக்கென்றே எழுதியதை மட்டும் முழுமையாக மாற்றித் தரட்டும். அதற்குரிய விலையை முதலிலேயே கேட்கட்டும், அரசு கொடுக்கட்டும். குறைந்த தொகைக்கு எடுத்து, பிறகு பராமரிப்பில் பிடித்துக்கொள்ளும் இன்றைய முறையில் நேர்மையாக விலை போடும் நிறுவனம்தான் தோற்கிறது. நன்றாக எழுதுகிறவருக்குப் பராமரிப்பு வேலை போகாது, தன் நிரலைத் தானே அறிந்தவரை விட்டு இன்னொருவரைத் தேட எந்த அதிகாரிக்கும் நேரமில்லை.

நிரலை மூன்றாம் நபரிடம் வைப்பாக வைத்து, நிறுவனம் மூடினால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றொரு சமரசம் பேசுவார்கள். வைத்தது எந்தப் பதிப்பு, அதிலிருந்து மென்பொருளைக் கட்டியெழுப்ப முடியுமா என்று யாரும் சோதிக்காதவரை அதுவும் பீரோ சிடிதான்.

அரசில் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்குத் தமிழ் எழுத்துரு வரலாற்றை நினைவூட்டலாம். 1999 தமிழ்இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்களை அரசு ஏற்றது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. நடுவில் எழுதப்பட்ட மென்பொருள்களில் எத்தனையோ பழைய எழுத்துருவுக்குள்ளேயே சிக்கிக்கொண்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயரும் முகவரியும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மூலநிரல் இருந்த இடங்களில் மாற்றிக்கொண்டார்கள். இல்லாத இடங்களில் ஊழியர்கள் பெயர்களை மறுபடி தட்டச்சு செய்தார்கள், அப்போது புகுந்த எழுத்துப் பிழைகளோடு மக்கள் இன்னும் திருத்த மனு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய நிறுவனத்துக்கே இந்தச் சிக்கல் வரும். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸில் இருந்த பழைய சமன்பாட்டுத் திருத்தியில் 2017இல் ஓர் ஆபத்தான ஓட்டை தெரிந்தது. அந்தக் கோப்பு 2000இல் கட்டப்பட்டது. வந்த திருத்தத்தை ஆராய்ந்த பாதுகாப்பு வல்லுநர்கள், எந்திரக் கோப்பிலேயே கைவைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், மூலநிரல் கைவசம் இல்லாமல் இருக்கலாம் என்று எழுதினார்கள். மேலும் ஓட்டைகள் தெரியவர, 2018 ஜனவரியில் அந்தத் திருத்தியையே நீக்கிவிட்டார்கள். அவ்வளவு ஆள்பலமும் பணமும் இருந்த இடத்தின் கதை இது.

மூலநிரல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். ஓஸ்லோ பல்கலைக்கழகம் வளர்க்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள் திறந்த மூலநிரல் கொண்டது. 2020 ஜனவரி இறுதியில், கொரோனா பரவலைத் தடுக்கப் பயணிகளைக் கண்காணிக்க, இலங்கைச் சுகாதார அமைச்சோடு சேர்ந்து அந்நாட்டுக் குழுவினர் அதன்மேல் சில நாட்களிலேயே ஒரு தொகுதியை உருவாக்கினார்கள். இல்லாத வசதிகளைத் தன்னார்வ நிரலாளர்கள் கூடி எழுதிச் சேர்த்தார்கள். ஓஸ்லோவினர் அதை எடுத்துப் பல நாடுகளுக்குக் கொடுத்தார்கள், நார்வேயின் நகராட்சிகளே பயன்படுத்தின. பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் விலைப்புள்ளி கேட்டு, கோப்பு நகர்த்தி, அனுமதிக்குக் காத்திருந்தால் இது ஆகியிருக்குமா?

இந்திய அரசும் இதைக் கொள்கையளவில் ஏற்று ஆண்டுகள் ஆகின்றன. அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்து கூட்டாக மேம்படுத்துவதற்கான கொள்கையை மத்திய அரசு 2015லேயே அறிவித்தது. ஆரோக்கிய சேதுவின் ஆண்ட்ராய்டு மூலநிரலை 2020 மே 26 அன்று வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் 2024 ஜனவரி 1 முதல், கூட்டாட்சி அலுவலகங்கள் எழுதும், எழுதி வாங்கும் மென்பொருளின் மூலநிரலை, மூன்றாம் தரப்பு உரிமையோ பாதுகாப்போ தடுத்தாலொழிய, வெளியிட வேண்டும் என்பது சட்டம். இத்தாலியின் டிஜிட்டல் நிர்வாகச் சட்டத் தொகுப்பிலும் இதே கடமை உண்டு. நம் மாநிலத்துக்கும் முன்னனுபவம் இருக்கிறது. மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2007 வாக்கில் தன் கணினிகளை லினக்சுக்கு மாற்றி, நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இப்போது நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே எழுதித் தருகின்றன. ஒப்பந்ததாரரின் ஊழியரே முழுதாகப் படிக்காத நிரல் அரசு சர்வருக்கு வரும் காலம் தொடங்கிவிட்டது. யாராவது ஒரு மனிதர் படித்தார், புரிந்துகொண்டார் என்பதற்கு ஒப்படைக்கும் நேரத்தில் அத்தாட்சி கேட்பது முன்னைவிட இப்போது அவசரம்.

ஆணையில் என்ன இருக்க வேண்டும் என்று என் கருத்தைச் சொல்கிறேன். நிரல் கடைசி நாளில் சிடியாக வரக்கூடாது. வேலை தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே அரசின் களஞ்சியத்தில், மாற்றங்களின் வரலாறு தெரியும்படி, ஏற வேண்டும். யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பது நிரலைப் போலவே விலைமதிப்புள்ளது. தரவுத்தளத்தின் அமைப்பு, நிறுவும் முறை, பயன்படுத்திய வெளி லைப்ரரிகளின் பட்டியல் எல்லாம் அதோடு சேர வேண்டும். இத்தகைய உறுப்புப் பட்டியலுக்கு மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதால் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில், கால அளவும் எல்லையும் குறிப்பிட்டு, பணி ஆணையிலேயே இருக்க வேண்டும். ஏற்புச் சோதனையில் திரைகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்த மென்பொருளை எழுதாத ஒருவர், வெறும் கணினி ஒன்றில், கொடுத்த கோப்புகளை மட்டும் வைத்து அதை முழுதாகக் கட்டியெழுப்பிக் காட்ட வேண்டும். பிறகு சிறிய மாற்றம் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும், ஒரு வரி விகிதத்தை மாற்றுவது போல. அரசுப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு இந்தச் சோதனை வேலையை ஊதியத்தோடு கொடுக்கலாம். மாணவர்களுக்கு மெய்யான நிரல் படிக்கக் கிடைக்கும்.

சிறிய சங்கங்களும் பேரூராட்சிகளும் இதையெல்லாம் தாங்களே ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்க முடியாது. அவர்களுக்கு வழக்கறிஞரும் இல்லை, கணினி தெரிந்த அலுவலரும் இல்லை. தங்கள் துறை இரண்டு பக்கத்தில் ஒரு மாதிரி ஒப்பந்தப் பிரிவைத் தமிழில் எழுதி, கூட்டுறவுத் துறைக்கும் நகராட்சி நிர்வாகத்துக்கும் சுற்றறிக்கையாக அனுப்பினால் அப்படியே ஒட்டிக்கொள்வார்கள்.

இதற்குச் சட்டத் திருத்தமோ தனி நிதியோ தேவையில்லை. தங்கள் துறையும் அதன்கீழ் உள்ள நிறுவனங்களும் இப்போது பயன்படுத்தும், வெளியாரிடம் எழுதி வாங்கிய மென்பொருள்களில் முக்கியமான ஐந்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மூலநிரல் எங்கே என்று கேளுங்கள். கிடைத்ததை, எழுதாத ஒரு நிரலாளரிடம் கொடுத்துப் புதுக் கணினியில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எவை கட்ட முடிந்தன, எவை முடியவில்லை, எவற்றுக்கு மூலநிரலே இல்லை என்ற பட்டியலை வரும் மானியக் கோரிக்கையின்போது தங்கள் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் வெளியிடுங்கள்.


ஆசிரியர்